பெயர் மட்டும் சொல்லவில்லை

தாதியர் பயிற்சியின் முதல் வருடம், சட்டப் பாடத்தில் நான்தான் கெட்டிக்காரி. சம்மதம், கவனக்குறைவு, இரகசியம் பேணல் என்று விரிவுரையாளர் பலகையில் எழுத எழுத, நான் முந்திக்கொண்டு விளக்கம் சொல்வேன். இரகசியம் பேணல் என்றால்? “நோயாளியின்ர பேரை வெளியில சொல்லக்கூடாது, சேர்.” அவர், “அவ்வளவுதானோ?” என்றார். இந்த மனுசனுக்கு எதைச் சொன்னாலும் காணாது என்று எரிச்சல்பட்டேன்.

அந்த மாதம் காசநோய் கிளினிக்கில் நின்றேன். துறைமுக வாசலில் இடியப்பம் விற்கும் அக்கா ஒருவர் வந்தார். புருசன் இல்லை; இரண்டு பிள்ளைகளும் அந்த இடியப்பத்தை நம்பித்தான். அவர் நாள் தவறாமல் வந்து எங்கள் முன்னால் குளிசை விழுங்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு, “தங்கச்சி, இது வெளியில போனா என்ர பிழைப்புப் போச்சு” என்றார். “பயப்படாதீங்கோ அக்கா, சட்டமே இருக்கு” என்றேன்.

மூன்றாம் கிழமை இடியப்பம் விலைப்படவில்லை. வழக்கமாக வாங்குகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்களாம். அழுதபடி அதைச் சொல்லிவிட்டுப் போனவர் பிறகு குளிசைக்கும் வரவில்லை. இடையில் விட்டால் அந்த நோய் மருந்துக்கு அடங்காது, ஆளையே கொண்டுபோகும்.

எனக்கு விசர் பிடித்தது. யார் சொன்னது? அட்டை எழுதுகிறவர் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறார். மருந்து கொடுக்கிறவர் மூதூர் பஸ்ஸில் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு போகிறவர். கூடப் படிக்கும் சிநேகிதியையும் விடவில்லை.

“நீ ஆரிட்டயும் கதைச்சனியோ?”

“உனக்கென்ன விசரோ? உன்னை நான் அப்பிடிக் கேட்டனானோ?” என்று பாய்ந்தாள். குற்றமில்லாதவளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அதையும் மனதில் குறித்துவைத்தேன்.

சனிக்கிழமை காலை அம்மா மேசையில் பாண் வைத்தார்.

“இண்டைக்கும் இடியப்பம் இல்லையோ?”

“நீதானே அங்க வாங்க வேண்டாம் எண்டனி. பக்கத்து வீட்டுக்கும் சொல்லிப்போட்டன்.”

“அம்மா, நான் பேர் சொல்லேல்லயே!”

“பேர் என்னத்துக்கு? வாசலில இடியப்பம் விக்கிறவ கிளினிக்குக்கு வாறா எண்டனி. அங்க விக்கிறது அவ ஒராள்தானே.”

சொன்னதுதான். அக்கா வந்த முதல் நாளே சொல்லிவிட்டேன். சாப்பாட்டால் அது தொற்றாது என்று படித்தும், வீட்டில் இருப்பவர்களுக்காகப் பயந்துபோனேன். பெயரை வெளியில் விடவில்லை என்ற பெருமை வேறு. வெட்கத்தில் பாணை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்றே அக்கா வீட்டுப் படலையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குளிசையை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கெஞ்சினேன்.

“அங்க எல்லாரையும் சந்தேகப்பட்டனான்,” என்றார். “உங்கள மட்டும்தான் இல்லை.”

திங்கட்கிழமை கிளினிக்குக்கு வந்தார். நான் நீட்டிய குளிசையை வாங்கவில்லை. சிநேகிதியின் கையால் வாங்கி விழுங்கிவிட்டுப் போனார்.

இந்தக் கதையிலும் நான் பெயர் எழுதவில்லை. அவர் விற்றது இடியப்பமும் இல்லை, விற்ற இடம் துறைமுக வாசலும் இல்லை.