மஞ்சள் ஸ்டிக்கரும் மாப்பிள்ளை நாற்காலியும்

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, ஒரு காருக்குச் சட்டை போட்டுவிடப் போயிருந்தேன்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே சட்டைதான். பைக் டேங்கிலும் பஸ் கண்ணாடியிலும் பெயர் ஒட்டுகிறோமே, அந்த வினைல் ஸ்டிக்கர். அதில் ஒரு முழுக் காரையே மூடிவிடலாம் என்று யாருக்காவது தோன்றுமா? என் நண்பர் தங்கவேலுக்குத் தோன்றியது.

தங்கவேலுக்குக் கோவையில் கணபதி பக்கம் லேத் பட்டறை. பம்பு செட்டுக்கு உதிரி பாகம் கடைகிறார். அது வயிற்றுக்கு. மனசுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். வாங்கியது அல்ல, பண்ணியது! பழைய ஃபியட் அடிச்சட்டம், மாருதி இன்ஜின், அவரே அச்சு எடுத்து வார்த்த ஃபைபர் பாடி. இரண்டு பேர் உட்காரலாம். எழுந்திருக்கத்தான் மூன்றாவது ஆள் வேண்டும்.

பாடி முழுக்க, பள்ளங்களை அடைக்கப் பட்டி பூசிய திட்டுகள். ஊருக்கு வெளியே நடக்கும் ரேஸில் ஓட்டலாம் என்று கொண்டுபோனால், சோதனையில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிற வண்டியை விட முடியாது' என்று சொல்லிவிட்டார்களாம். இந்த வருஷத்தின் கடைசி ரேஸுக்குப் பத்து நாள்தான் இருந்தது. பெயின்டரோ பதினைந்து நாள் கேட்டார்.

"ஜெர்மனியில டாக்ஸிக்கெல்லாம் ஸ்டிக்கர்தானுங்களாமா. புக்குல படம் பாத்தேனுங்க. நம்மளே பண்ணிப்போடலாமுங்க" என்றார் தங்கவேல்.

இந்த 'நம்மளே பண்ணிப்போடலாமுங்க' இருக்கிறதே... கோவைக்காரர்களின் பரம்பரை வியாதி. வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கினால் மற்ற ஊர்க்காரர்கள் சுவிட்சைத் தேடுவார்கள். நாங்கள் ஸ்பேனரைத் தேடுவோம்.

சிங்கப்பூர் சொந்தக்காரர் ஒருவர் ஒரு ரோல் மஞ்சள் வினைல் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கதவு, பக்கவாட்டு எல்லாம் தங்கவேலே இரண்டு நாளில் ஓரளவு ஒட்டிவிட்டார். மிச்சம், இன்ஜினை மூடும் பானெட். அது பெரிசு, வளைவு அதிகம், ஒற்றை ஆளால் ஆகாது. ரோலில் மீதி இருந்தது இரண்டே பானெட்டுக்கான ஷீட். ஒன்று போனால் இன்னொன்று. அதுவும் போனால் ரேஸும் போச்சு.

இங்கே மோகன்ராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மோகன்ராஜும் தங்கவேலும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். இந்தக் காரின் முதல் படத்தைப் பரீட்சைப் பேப்பரின் பின்பக்கம் இருவரும் சேர்ந்துதான் வரைந்தார்கள். எப்போதும் வாடா, போடாதான். கைவேலையில் மோகன்ராஜ் ஒரு படி மேல் என்று தங்கவேலே சொல்வார். ஆறு வருஷம் முன்னால், தங்கவேலின் தங்கை அமுதாவை மோகன்ராஜுக்கே கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் சந்தோஷமான கல்யாணம்.

அன்றோடு சிநேகிதன் போனான். மாப்பிள்ளை வந்தார்.

மாப்பிள்ளையைக் கிரீஸில் கை வைக்க விடலாமா? பட்டறையில் அவருக்கென்று டவல் விரித்த ஒரு நாற்காலி. எதிரே பெடஸ்டல் ஃபேன். கையில் இளநீர். தானும் சேர்ந்து வரைந்த கார் வளர்வதை அவர் விருந்தாளியாக உட்கார்ந்து பார்த்தார். வாராவாரம் வந்தவர் மாதத்துக்கு ஒரு முறை என்றாகி, பிறகு தீபாவளி, பொங்கல் என்று குறைந்துவிட்டார்.

"மாப்பிள்ளைக்குக் கார் மேல இருந்த ஆசையே போயிருச்சுங்க" என்று ஒருமுறை தங்கவேல் என்னிடம் சொன்னார். சொன்னபோது அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. ரேஸை விட அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு மோகன்ராஜ் வந்ததே ஹேர் டிரையரின் புண்ணியம். வளைவில் ஸ்டிக்கர் படியச் சூடு காட்ட வேண்டும். டிரையர் இருப்பது அமுதாவிடம். "யார்கிட்டயும் குடுத்து உட மாட்டேன், நானே கொண்டாறேன்" என்று சொன்னவள், கையோடு புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மோகன்ராஜ் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இளநீர் வந்தது.

முறை இதுதான். பானெட்டில் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஷீட்டின் அடிக் காகிதத்தை உரித்து, நான்கு முனையையும் பிடித்து, நடுவில் பதியவிட்டு, அங்கிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தண்ணீர் தெளிக்கும் வேலை எனக்கு.

"மாப்பிள்ளைங்க, மொதக் கை நீங்க வைங்க" என்று ஷீட்டின் ஓரத்தை மரியாதையாக நீட்டினார் தங்கவேல்.

"அட, நீங்களே வைங்க மச்சான்."

"அதெப்புடிங்க..."

கடைசியில் மாப்பிள்ளை எழுந்து வந்து, வாங்கிய ஓரத்தைப் பானெட்டின் ஓரத்திலேயே வைத்து ஒட்டினார். தப்பு! தங்கவேல் அதைப் பார்த்தார். "சரிங்க" என்று தலையாட்டினார். நானும் பார்த்தேன். "பிரமாதமுங்க" என்றேன்.

ஐந்து நிமிஷத்தில் பானெட் முழுக்கக் குமிழ், ஒவ்வொன்றும் ஆப்பம் சைஸில். உரித்து எடுத்தால், உள்ளங்கை அகலத்துக்குப் பட்டியும் சேர்ந்து வந்துவிட்டது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. "பரவாலீங்க", "பாத்துக்கலாமுங்க" என்று மாறி மாறி ஒரே உபசாரம்! எங்கள் ஊரில் மனஸ்தாபம் வந்தால் சத்தம் ஏறாது. மரியாதைதான் ஏறும்.

பட்டியைத் திரும்ப வைத்து, காய்ந்ததும் தேய்த்து, கடைசி ஷீட்டை எடுத்தோம். மாப்பிள்ளைக்கு வேர்த்திருந்தது. தங்கவேல் பதறி, ஃபேனை அவர் பக்கம் திருப்பி முழு வேகத்தில் வைத்தார். பிறகு ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, காகிதத்தை உரித்துத் தூக்கினார்கள்.

ஷீட் காற்றில் புடைத்தது. பசைப்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிறகு எந்தக் கடவுள் வந்தாலும் பிரிக்க முடியாது. நான் சுவிட்சுக்கு ஓடினேன். என் சோப்புத் தண்ணீரிலேயே வழுக்கித் தரையில் உட்கார்ந்தேன்.

"மாப்பிள்ளைங்க... ஃபேனுங்க... கொஞ்சம்..." என்று இழுத்தார் தங்கவேல்.

ஷீட் மடங்கியது. இன்னும் ஒரு சாண்.

"டேய் மோகனா! ஃபேனை நிறுத்துடா!"

பட்டறையே அதிர்ந்தது. காப்பித் தட்டோடு வந்த அமுதா வாசலிலேயே நின்றுவிட்டாள். மோகன்ராஜ் ஒரு கணம்தான் முழித்தார். அடுத்த கணம் செருப்பை உதறி, கால் விரலால் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. ஃபேன் நின்றது.

"இழுக்காதடா! அப்படியே எறக்கு. நடுவுல... நடுவுலடா!" இப்போது கத்தியது மாப்பிள்ளை.

பத்தே நிமிஷம். டிரையர் சூட்டில் பானெட் வழுவழுவென்று உட்கார்ந்துவிட்டது. வேலை நடந்தபோதே இன்னொன்றும் நடந்தது.

"மொத ஷீட்ட ஓரத்துல வெச்சது தப்புன்னு உனக்குத் தெரியாதாடா?" மோகன்ராஜ் கேட்டார்.

"தெரியும். மாப்பிள்ளைகிட்டப் போயி எப்புடிடா தப்புன்னு சொல்றது? உனக்குந்தான் தெரியும். ஏன்டா வெச்சே?"

"நீதான ஓரத்தப் புடிச்சு எங்கையில குடுத்தே. மச்சான் குடுத்தா வேண்டாங்கறதா?"

இரண்டு கெட்டிக்காரர்கள் தெரிந்தே ஒரு ஷீட்டைக் குட்டிச்சுவராக்கியிருக்கிறார்கள். மரியாதைக்காக!

ஓரத்தை வெட்டி முடித்ததும்தான் தங்கவேலுக்கு நினைவு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைங்க... அவசரத்துல வாய்ல வந்துருச்சுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

மோகன்ராஜின் வெள்ளைச் சட்டை முழுக்க அழுக்கு. அவர் அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறு வருசமா இங்க எனக்கு உக்கார மட்டுந்தான்டா எடம் குடுத்திருக்கே. மொதல்ல அந்தச் சேரைத் தூக்கி வெளிய போடு."

தங்கவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. சோப்புத் தண்ணீர் பட்டுவிட்டது என்றார். ஸ்ப்ரே பாட்டில் என் கையில் இருந்தது.

ஒருவரை விலக்கி வைக்க வேண்டுமென்றால் சண்டை போட வேண்டியதில்லை, மரியாதையாக ஒரு நாற்காலி போட்டால் போதும் என்று வீடு திரும்பும்போது தோன்றியது. என் வீட்டிலும் அப்படி ஒன்றிரண்டு கிடக்கின்றன.

கார் சோதனையில் தேறிவிட்டது. போன ஞாயிறு ரேஸ். ஒன்பது கார்களில் ஏழாவது. அது ஏன் ஆறாவதாக வரவில்லை என்று இரண்டு பேரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வாடா போடா என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாற்காலி? வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கால் மேல் கால் போட்டு அமுதா உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்ணா, மாப்பிள்ளைக்கு மட்டுந்தான் எளநியா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தது, மாப்பிள்ளைதான்!