வெனிஸில் பதினோரு நாள்

அடையாற்றங்கரையில் ஒரு துரை வீட்டில் ஆயாவாக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. என் கணவர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவர். காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டார். அப்போது எங்கள் மகளுக்கு நாலு மாதம். சாந்தோமில் அக்கா வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டேன். காலையில் மகளை அக்காவிடம் விட்டுவிட்டு நடந்தே அடையாறு போவேன்; விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவேன். துரை வீட்டிலும் ஒரு பெண்குழந்தை, என் மகளைவிட இரண்டு மாதம் சின்னது. பகலெல்லாம் அது என் இடுப்பில், சாயங்காலம் என் மகள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம் துரைசாணி குழந்தையோடு சீமைக்குக் கிளம்பினாள். பம்பாயில் கப்பலேறி இத்தாலியில் வெனிஸ் வரை போவது, அங்கிருந்து ரயிலில் லண்டன் போவது என்று ஏற்பாடு. வெனிஸுக்கு அவள் தங்கை வந்து குழந்தையை வாங்கிக்கொள்வாள். அதுவரை நான் கூடப் போகவேண்டும்; பிறகு என்னைக் கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"போய்ட்டு வாயேன். ரெண்டு மாசந்தானே?" என்றாள் அக்கா. "என் புள்ளைங்க நாலோட இது அஞ்சு. சோத்துக்கு இன்னா கொறச்சல்?"

"இன்னும் பால் குடிச்சிக்கினு கீதே அக்கா."

"பால மறக்கடிச்சிடு. ஒன்றர வயசாச்சு."

வேப்பிலையை அரைத்துப் பூசிக்கொண்டேன். மகள் வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தாள். மறுபடி வாய் வைத்தாள், மறுபடி சுளித்தாள். மூன்றாம் நாள் என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். வயிற்றுப்பாட்டுக்காகத்தான் போனேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். எழுதும்போதாவது உண்மையைச் சொல்லவேண்டும். துரை வீட்டுக் கூடத்தில் வெனிஸ் ஊரின் படம் ஒன்று மாட்டியிருந்தது. வீட்டு வாசற்படி நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். துடைக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆசை வந்துவிட்டது.

கப்பலில் முதல் நாலைந்து நாள் மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. துரைசாணியின் குழந்தை அழுதால் ரவிக்கை நனைந்துவிடும். யாருக்கும் தெரியாமல் முந்தானையால் மூடிக்கொள்வேன். சூயஸ் தாண்டுவதற்குள் அது தானாக நின்றுவிட்டது. வலி நின்றதே என்று நான் சந்தோஷப்படவில்லை. மகளுக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்று அறுந்துபோன மாதிரி இருந்தது.

ஒரு காலை நேரத்தில் வெனிஸில் இறங்கினோம். நல்ல குளிர். துரைசாணி கொடுத்த பழைய கம்பளிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தேன். படத்தில் பார்த்தது பொய்யில்லை. தெருவே தண்ணீர்தான். வண்டிச் சத்தம் இல்லை, மாடு இல்லை, புழுதி இல்லை. விறகும் காய்கறியும் படகில் வந்தன. மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண் கயிற்றில் கூடையை இறக்க, படகுக்காரன் அதில் வெங்காயத்தை எண்ணிப் போட்டான். பார்த்துக்கொண்டே நின்றேன்.

தண்ணீர் வற்றும் வேளையில் சேற்று வாடை கிளம்பும். துரைசாணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். நான் மூச்சை இழுத்து இழுத்து விடுவேன். மயிலாப்பூரில் சவுக்குக் கட்டை ஏற்றிய படகுகள் வந்து நிற்கும் எங்கள் கால்வாயில் அதே வாடைதான். காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தங்கியிருந்த வீட்டின் தண்ணீர்ப் படிக்கட்டுக்குப் போய் நிற்பேன். இந்நேரம் அக்கா கஞ்சி ஊற்றியிருப்பாள், இந்நேரம் மகள் மணலில் உட்கார்ந்து கிளிஞ்சல் பொறுக்கி வாயில் போட்டிருப்பாள், யாராவது விரலை விட்டு எடுத்தார்களா என்று நினைப்பேன். வெனிஸில் காலை என்றால் சாந்தோமில் உச்சிவேளை நெருங்கியிருக்கும் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

ஏழாம் நாள் தங்கை வந்தாள். எட்டாம் நாள் அவர்களை ரயிலேற்றினேன். குழந்தையை நான் கைமாற்றியதும் அது வீறிட்டு, "ஆயா, ஆயா" என்று ஜன்னல் வழியே கையை நீட்டியது. துரைசாணி என் தோளைத் தட்டி, நல்லபடி ஊர் போய்ச் சேர் என்றாள். ரயில் போனபிறகு என் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருஷமாக இடுப்பில் ஒரு குழந்தை இல்லாமல் நான் நின்றதே இல்லை.

கப்பலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை பக்கத்து மாதா கோயிலில் பூசைக்குப் போனேன். அதே லத்தீன் ஜெபம், சாந்தோமில் கேட்கிற அதே இழுப்பு. அந்த ஊரில் எனக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த சொற்கள் அவை மட்டுந்தான். வெளியே வந்தவள் சந்து மாறிவிட்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாலம், இல்லாவிட்டால் தண்ணீர்.

அப்போது "மம்மா!" என்று ஒரு அலறல். என் மகளும் அப்படித்தான், முன்னால் ஒரு 'ம'வைச் சேர்த்துக் கூப்பிடுவாள். திறந்திருந்த ஒரு கதவுக்குள் எப்போது நுழைந்தேன் என்று எனக்கே தெரியாது. மாடிப்படியில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று விழுந்து கிடந்தது. முழங்காலில் ரத்தம். வாரி எடுத்து முந்தானையால் துடைத்தேன்.

மேலிருந்து ஒரு பெண் ஈரக் கையோடு ஓடிவந்தாள். புடவையும் கறுத்த முகமுமாக யாரோ ஒருத்தி தன் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். நான் சுவரோடு ஒதுங்கினேன். அழுகை நிற்கவில்லை. அவள் என்னையும் என் முந்தானையில் இருந்த ரத்தத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து மேலே அழைத்துப்போய் அடுப்பருகே உட்காரவைத்து, சுடச்சுடப் பாலும் ரொட்டியும் கொடுத்தாள்.

என் முழங்கால் உயரத்துக்குக் கையைக் காட்டினேன். ஜன்னல் பக்கம், தூரம், தூரம் என்று காட்டினேன். "எம் பொண்ணு" என்று தமிழிலேயே சொன்னேன். அவள் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுத் துணி அலசப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் இருக்கும். அது என் வளையலைச் சுழற்றிக்கொண்டே தூங்கிப்போயிற்று. அப்புறம் அவளே வந்து விடுதி வாசல்வரை என்னைக் கொண்டுவிட்டாள். பேர் என்ன என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

பம்பாய் வரை கப்பலிலும் அங்கிருந்து ரயிலிலுமாக ஊர் திரும்பினேன். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அக்கா என் மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கையை நீட்டினேன். மகள் அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "மம்மா, வூட்டுக்கு" என்றாள்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. "எம் புள்ளைங்க கூப்புடறதப் பாத்துக் கத்துக்கிச்சுடி. நான் சொல்லித் தரல. சத்தியமா சொல்லித் தரல."

"தெரியும்க்கா. வுடு, அழாத."

துரை வீட்டு வேலை அதோடு முடிந்தது. பக்கத்துக் கன்னியர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மகள் பகலில் என்னிடம் விளையாடுவாள். தூக்கம் வந்தால் அக்காவிடம் போய்விடுவாள். நான் கூப்பிடவில்லை. ஆடி போய் ஆவணி வந்தது. ஒரு மழைநாள் மத்தியானம் பள்ளியிலிருந்து நனைந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். தூக்கக் கலக்கத்தோடு வந்தவள் அக்காவைத் தாண்டி வந்து என் மடியில் ஏறிப் படுத்தாள். அக்கா அடுப்படியில் இருந்து பார்த்தாள். ஈரத் தலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் பெரியவளாகும் வரை அவளுக்கு அம்மா என்றால் அக்காதான். என்னைக் கப்பலம்மா என்பாள். ஆறு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கடற்கரையில் நின்றபோது கேட்டாள்.

"கப்பலம்மா, அந்தத் தண்ணி ஊருக்கு மறுபடி போவணும்னு கீதா ஒனக்கு?"

"கீது."

"இன்னாத்துக்கு?"

"எனக்குப் பாலும் ரொட்டியும் குடுத்த ஒருத்தியப் பாக்கணும்."

"அப்ப என்னியும் இட்டுக்கினு போ. தனியா போவாத."

சரி என்றேன். சில வருஷத்தில் யுத்தம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போகிற கப்பல்களும் நின்றுபோயின.