உப்பைத் தாண்டிய இழை

ரயிலில் எதிரே உட்கார்ந்த ஆராய்ச்சியாளரின் சப்பாத்தில் தோட்டத்துச் செம்மண். அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மூடியைத் திறந்து காற்று விட்டார். உள்ளே ஜொகூர் மாநில வரைபடத்தில் ஊருக்கு ஊர் தீனியாக ஓட்ஸ் வைத்திருந்தார். அவற்றை இணைத்து மஞ்சள் நரம்பாகச் சளிப்பூஞ்சை படர்ந்திருந்தது.

"மூளை கிடையாதுங்க. ஆனா கம்ப்யூட்டர் மாதிரி வழி தேடும்" என்றார்.

வெள்ளத்துக்கு அடையாளமாக எங்கள் ஊரான சிகாமட்டைச் சுற்றி உப்புத் தூவியிருந்தார். உப்பு அதற்கு ஆகாதாம். ஆனாலும் ஓர் இழை உப்பைத் தாண்டியிருந்தது.

"எப்படிங்க?" என்றேன்.

"பழகிடுச்சு லா. எங்க லேப் கம்ப்யூட்டருக்கு அதத்தான் சொல்லிக்கொடுக்க முடியல."

மழைக்காலம் வந்தால் நாங்கள் ஃபிரிட்ஜை மேசைமேல் ஏற்றிவிட்டு, வெள்ளம் வரும் அதே வீட்டிலேயே இருக்கிறோம். இப்படிப் பழகிப்போவது அறிவுதானா என்று நான் கேட்பதற்குள் அவர் குளுவாங்கில் இறங்கிவிட்டார்.