என் ஷூவைப் பிரித்த சித்தி

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய மறுநாள், சாப்பாட்டு மேஜைமேல் என் ஷூ துண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் கத்திரிக்கோலும் கையுமாகச் சித்தி.

“ஐயோ, என் ஷூ!”

“கத்தாதடி, எங்க ஃபேக்டரி ஷூதானே, வேற தரேன். இந்த ரப்பரு ஏதோ ஒரு தோட்டத்துல பால் வடிச்சது. தோலு கடல் தாண்டி வந்தது. நூலுக்கு இன்னொரு நாடு. நீ என்னமோ உலகத்தச் சுத்துனேன்னு பீத்திக்கிற. இது உன் கால்ல ஏறுறதுக்கு முன்னாடியே உன்னவிட அதிகமாச் சுத்திடுச்சு!”

இத்தனை பேரின் கைகளை மிதித்துக்கொண்டா நடந்தேன்?

சித்திக்குக் காலணித் தொழிற்சாலையில் வேலை. அங்கிருந்து சரக்கு வாங்கும் வெளிநாட்டில் ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. ஒரு பொருள் உருவாகும் வழியில் மனிதருக்கோ மண்ணுக்கோ தண்ணீருக்கோ கேடு உண்டா என்று வாங்கும் நிறுவனம் ஆள் அனுப்பி விசாரித்து, இருந்தால் சரிசெய்ய வேண்டும். அதற்குத் தொழிற்சாலையைத் தயார்செய்வது சித்தியின் பொறுப்பு. எல்லாரையும் குடைந்து குடைந்து கேட்டதில் ‘வக்கீலம்மா’ என்று பட்டப்பெயர் வாங்கியிருந்தாள்.

சிக்கல் கைத்தையலில் இருந்தது. மேல்தோலை ஒட்டித் தைக்கும் பெண்கள் அவரவர் வீட்டில் வேலை செய்தார்கள். ஆய்வுக்கு ஆள் வருமுன் அவர்களை நிறுத்திவிடச் சொன்னார் முதலாளி.

“சட்டமே அவங்களுக்காகத்தான் சார் வந்திருக்கு. நோயாளியத் தூக்கி வெளிய போட்டுட்டு ஆஸ்பத்திரி சுத்தமா இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு,” என்ற சித்தி, “ஒரு தடவ நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க,” என்று அவரைக் கிளப்பிவிட்டாள். சும்மா இருக்க முடியாத நானும் ஒட்டிக்கொண்டேன்.

தையல்காரம்மா ஒருத்தியின் வீடு. ஒற்றை அறை. மூலையில் அடுப்பு, நடுவில் பசை டின். உட்கார்ந்ததுமே பசை நெடியில் முதலாளிக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

“கொஞ்ச நேரத்துல பழகிடும் சார்,” என்றாள் தையல்காரம்மா.

அவர் எழுந்து பின்ஜன்னலைத் தள்ளினார். அசையவில்லை.

“ஆணி அடிச்சிருக்கே, ஏம்மா?”

“உங்க ஆளுங்கதான் சொன்னாங்க. தூசி பட்டா பசை பிடிக்காது, சரக்கு திரும்பி வந்துடும்னு.” அவள் ஊசியைக் கீழே வைத்தாள். “வேலைய நிறுத்தப் போறீங்களாமே, நெசமா சார்?”

முதலாளி ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வக்கீலம்மா, பசை வேலையெல்லாம் இனி ஃபேக்டரில நடக்கட்டும். தையல் மட்டும் இங்க வரட்டும்.”

“ஆய்வுக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்றது?” என்றாள் சித்தி.

“இருக்கறத இருக்கறபடியே சொல்லிடுங்க. இந்த ஆணியையும் சேத்து.”

சித்தி அங்கே கிடந்த தோல் இழுக்கும் குறட்டால் ஆணிகளைப் பிடுங்கினாள். யாரோ எங்கோ எழுதிய சட்டம் இந்தச் சின்ன அறைவரை வந்து சேர்ந்ததை நம்ப முடியாமல் நின்றேன்.

ஜன்னல் கிறீச்சிட்டுத் திறந்தது. தையல்காரம்மா தலையை வெளியே நீட்டினாள்.

“அடேங்கப்பா, பின்வீட்டுக்காரங்க மாடி கட்டிட்டாங்களா!”