அம்மா நீட்டிய வாழைப்பழம்

ஈர வைக்கோலும் சாணமும் வெயிலில் காய்ந்த தோலும் கலந்த ஒரு வாசனை. ஸ்ரீரங்கத்தில் கோயில் யானை கடந்துபோய் வெகுநேரம் ஆன பிறகும் அது தெருமுனையிலேயே நிற்கும். இப்போதும் அதை முகர்ந்தால் எனக்குக் கொள்ளிடம் நினைவுக்கு வருவதில்லை. கென்யாவின் செம்மண்தான் வருகிறது. வண்டிக்குள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த நாங்கள் வருகிறோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நைரோபியில் கணக்கு வேலையில் இருந்த மாமாவைப் பார்க்க அம்மாவும் நானும் போயிருந்தோம். பார்க்க என்பது ஊருக்குச் சொன்னது. அம்மாவின் கைப்பையில் உறையூர்ப் பெண் ஒருத்தியின் போட்டோ இருந்தது. தம்பி தலையாட்டாமல் திருச்சி திரும்புவதில்லை என்று முடிவுகட்டித்தான் அவள் விமானம் ஏறியிருந்தாள். மாமா தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "முதல்ல காட்டைப் பாருக்கா" என்று சரணாலயத்துக்குக் கூட்டிப்போனார்.

வண்டி ஓட்டியவள் சுருட்டை முடியுள்ள ஒரு கென்யப் பெண். "தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொன்னார் மாமா. அவள் சிரித்தாள், பேசவில்லை. மஞ்சள் புல், வரிக்குதிரைகள், ஒட்டகச்சிவிங்கிகள், மரநிழலில் சோம்பிக் கிடந்த சிங்கங்கள். அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. முன்சீட்டில் இருந்த மாமாவின் பிடரியைப் பார்த்தே பேசிக்கொண்டு வந்தாள்.

"பொண்ணு பி.காம். நல்லா பாடுது. உனக்கு என்னடா குறை? இல்ல, இங்கேயே இந்த மாதிரி சுருட்டை முடியா ஒண்ணு பாத்து வச்சிருக்கியா?"

மாமா வெளியே பார்த்தார். ஓட்டுகிறவளின் கண்கள் கண்ணாடியில் ஒரு கணம் எங்களைத் தொட்டுப் பாதைக்குத் திரும்பின.

வளைவில் ஒரு பெண் யானை. கால்களுக்கிடையே குட்டி. ஓட்டியவள் வண்டியை நிறுத்தி, உதட்டில் விரல் வைத்தாள்.

அம்மாவுக்கு யானை என்றால் ஒன்றுதான் தெரியும். பழம் கொடுத்தால் வாங்கும், தும்பிக்கையைத் தலையில் வைக்கும், நினைத்த காரியம் கைகூடும். "உன் கல்யாணத்துக்குன்னே வந்து நிக்குது பாரு" என்று முணுமுணுத்தபடி பையிலிருந்து வாழைப்பழம் ஒன்றை எடுத்தாள். ஜன்னல் கண்ணாடியை நகர்த்தினாள். வளையல் குலுங்கக் கையை வெளியே நீட்டினாள்.

காதுகள் விரிந்தன. தலை உயர்ந்தது. புழுதி கிளம்ப யானை எங்களை நோக்கி வந்தது. அம்மா உறைந்துபோனாள், நீட்டிய கை நீட்டியபடி.

"அக்கா, கையை உள்ள எடுங்க. மெதுவா. வளையல் சத்தம் வேணாம்."

தமிழ். எங்கள் ஊர்த் தமிழ், கொஞ்சம் மழலையோடு. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவளிடமிருந்து.

அம்மா கையை இழுத்துக்கொண்டாள். பழம் மண்ணில் விழுந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு யானை நின்றது. எங்கள் ஊர் யானையின் அதே வாசனை, சங்கிலிச் சத்தம் மட்டும் இல்லாமல். குட்டி பாதையைக் கடந்து புதருக்குள் மறைந்ததும்தான் தாய் யானை திரும்பியது. பழத்தைச் சீண்டக்கூட இல்லை.

யானைதான் போய்விட்டதே, இன்னும் ஏன் எல்லோரும் பயந்தே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா அந்தச் சுருட்டை முடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அவங்களுக்கு எப்படிம்மா தமிழ் தெரியும்?"

"யாரோ உக்காந்து சொல்லிக் குடுத்திருக்காங்க."

மாமாவின் காது சிவந்தது. "அக்கா..." என்று தொடங்கினார்.

"யானையே வாங்கலை. விடு." அதோடு போட்டோ பேச்சும் நின்றது, மற்ற பேச்சும் நின்றது. வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்தான்.

விமான நிலையத்துக்கும் அவள்தான் ஓட்டிவந்தாள். அம்மா விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். வாசலில் நின்றாள். திரும்பிப்போய் ஓட்டிவந்தவளின் கையைப் பிடித்து ஏதோ யானையைப் பற்றிச் சொன்னாள். அதற்கு மாமா எதற்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று விமானம் மேகத்துக்குள் போகும்வரை யோசித்தேன். அம்மா சொன்னது இவ்வளவுதான்:

"எங்க ஊரு யானை ஒண்ணும் செய்யாதும்மா. ரெண்டு பேருமா வந்து பழம் குடுங்க."