பழமலையும் குரங்கும்

நான் வாய்ச்சண்டைக்காரன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் மட்டும் தேறி, மற்ற பாடங்களில் தோற்றவன். தேறிய அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு பல வருடம் அடுத்தவர்களை முட்டாள் என்று சொல்லித் திரிந்தேன். இதை எழுத உட்காரும்போது அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பழமலை என்று பழைய பெயர் கொண்ட விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு அச்சு வேலை. பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்ற வேண்டும். ஓரம் இறுகியதும் மீதியைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை ஈரமாக வரும். பிள்ளையார், வாத்து, குடம் சுமக்கும் பெண். காய்ந்த பிறகு சூளைக்குப் போகும். சூளையைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் எனக்கு மாமா ஆனார், நான் அவருக்கு மாப்பிள்ளை ஆனேன். அவர் மனைவி எனக்கு அக்கா.

மாமா சாமி கும்பிடுகிறவர். கற்பூரம் காட்டாமல் சூளையைப் பற்றவைக்க மாட்டார். நான் கும்பிடாதவன். பதினோரு மணி டீக்குச் சூளைக்குப் பின்னால் உட்காருவோம். அங்கேதான் சண்டை நடக்கும்.

"உலகத்துலயே மொதல்ல உண்டான மல எது, தெரியுமா மாப்ள? நம்ம பழமலதான். பிரம்மா மத்த மலையெல்லாம் படைச்சுட்டு வெக்க எடம் தேடறாரு. இது அவருக்கு முன்னாடியே இங்க நிக்குது."

"எங்க மாமா நிக்குது? இந்த ஊர்ல ஏறி நிக்க ஒரு மேடு கெடயாது."

"பூமிக்குள்ள அழுந்தி இருக்குது."

"நல்ல வசதி."

பொம்மைக்குச் சாயம் அடிக்கும் பெண்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்தால் எனக்கு இன்னும் ஏறும். மீனிலிருந்து தவளை, தவளையிலிருந்து பல்லி, கடைசியில் குரங்கு, மனிதன் என்று கத்துவேன். மாமா பீடியைக் காதில் செருகிக்கொண்டு பொறுமையாகக் கேட்பார்.

"சரி, மொத உயிரு எப்படி வந்துச்சு?"

"சூடான சேத்துத் தண்ணியில."

"சேறுன்னா மண்ணுதான? மண்ணுலதான் செஞ்சான்னு நானும் சொல்றன். கொழச்சவன் ஒருத்தன் இருக்கான்னு நான் சொல்றன், தானா கொழஞ்சுக்கிச்சுன்னு நீ சொல்ற. நீ ஊத்தாம உன் அச்சுல ஒரு வாத்து தானா வருமா?"

இதற்கு நான் ஒரு நல்ல பதில் வைத்திருந்தேன். அதாவது, நல்ல பதில் என்று நினைத்திருந்தேன். "அச்சு தேயுது இல்ல? நூறு பிள்ளையார் எடுத்தா மூக்கு மழுங்குது. நூத்தி அம்பதுல கண்ணு போகுது. மொதப் பிள்ளையாரும் கடைசிப் பிள்ளையாரும் ஒண்ணா? கொஞ்சம் கொஞ்சமா மாறுது. அதான் மாமா பரிணாமம்."

அவர் டீயை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார். "மழுங்குது, ஒத்துக்கறன். புது மூக்கு எங்கனா மொளச்சுதா?"

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. குரங்குக்குப் பிறந்தவனே என்று திட்டிவிட்டு எழுந்து போனேன்.

அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்பது எனக்கு ஒரு நோயாகவே ஆகிவிட்டது. ஒரு கல்யாணத்துக்கு அரியலூர்ப் பக்கம் போனபோது, சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி ஓட்டும் ஒருவரிடம் கல்லாகிப் போன சிப்பி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். உள்ளங்கை அளவு இருக்கும். பல கோடி வருடத்துக்கு முன் அங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி அது. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரளயம் வந்துச்சுன்னு நான் எத்தினி தடவ சொல்லியிருப்பன்? நீயே எடுத்தாந்துட்டியே" என்று சொல்லி மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். சுனாமியில் கடலூரில் கடல் ஊருக்குள் வந்ததற்கு அடுத்த வருடம் அது. பிரளயம் என்ற சொல்லை வைத்து அந்த வருடம் யாரிடமும் ஜெயிக்க முடியாது.

அடுத்த வருடம் மாமா இளைத்தார். மாலையில் காய்ச்சல் அடித்தது. எப்போதும் இருமினார். எங்கள் கம்பெனியில் இருமல் யாரையும் பயமுறுத்தாது. எல்லோர் நெஞ்சிலும் களிமண் மாவுத் தூசி. அதனால் இரண்டு மாதம் வீணாய்ப் போயிற்று. அக்கா இழுத்துக்கொண்டு போய் அரசு ஆஸ்பத்திரியில் சளியைக் காட்டினாள். காசநோய்.

மாத்திரை இலவசம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட வேண்டும். எதிரில் ஒருவர் இருந்து, விழுங்குவதைப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் விடக்கூடாது. யார் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நர்ஸம்மா கேட்டபோது நான்தான் முன்னே போய் நின்றேன். மாமா பெயர் எழுதிய அட்டைப்பெட்டி என் அச்சு அறை அலமாரிக்கு வந்தது. காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வருவார். நான் மாத்திரைகளைப் பிரித்துக் கொடுப்பேன். விழுங்கிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டுவார்.

அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை. "உன்னைப் படைச்சவன்தான் இந்தக் கிருமியையும் படைச்சானா மாமா?" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்துச் சளியைத் திரும்பப் பார்த்தார்கள். கிருமி இல்லை. கன்னத்தில் சதை வந்தது. இன்னும் நான்கு மாதம் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மாசி மகத்தன்று மணிமுத்தாற்றில் முழுகிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு கம்பெனிக்கு வந்தார்.

"எல்லாம் பழமலநாதர் புண்ணியம், மாப்ள."

என் கையில் அவருக்கான மாத்திரை இருந்தது. சாயம் அடிக்கும் பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அப்ப இத எதுக்கு முழுங்கற? உன் சாமிகிட்டயே வுட்டுடு. ஆம்பளயா இருந்தா வுட்டுப் பாரு."

அதற்கு முன் அவரைத் திட்டியிருக்கிறேன், விளையாட்டாய் ஒருமையில் பேசியிருக்கிறேன். இது அப்படி இல்லை. வாசலில் ஒருத்தி சிரித்தாள். மாமா என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சரி மாப்ள. வேணாம். பாத்துடுவோம்."

போய்விட்டார். அடுத்த முறைக்கும் வரவில்லை. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும், காலில் விழுந்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. யார் சொன்னது சரி என்று பார்த்துவிடலாம் என்று காத்திருந்தேன். ஒரு மனிதனின் நெஞ்சை வைத்துப் பந்தயம் கட்டினேன். நடுவில் நர்ஸம்மா ஒரு தடவை போன் செய்து கேட்டார். "போட்டுக்கறாரு மேடம்" என்றேன். விழுங்கியதாக மருந்து அட்டையில் டிக் போட்டதும் நான்தான். பெட்டி அலமாரியில் பாதி நிறைந்தபடியே இருந்தது.

மாமா நன்றாகத்தான் இருந்தார். சூளை வேலை பார்த்தார். என்னிடம் அளவாகப் பேசினார். உள்ளுக்குள் நான் தோற்றுக்கொண்டிருந்தேன். அவர் நன்றாக இருப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. இதைவிட அசிங்கமாக என்னைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஐப்பசியில் ரத்தம் வந்தது.

அவர் வர மறுத்ததால் ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகப் போனேன். பெட்டியை நர்ஸம்மா மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பெட்டியைத் திறந்து மீதி மாத்திரைகளைப் பார்த்தார்.

"பாதியில நிறுத்தினா இன்னா ஆவும் தெரியுமா? எளச்ச கிருமியெல்லாம் மொதல்லயே செத்துடும். மருந்தத் தாங்கற முரடு ஒண்ணு ரெண்டு தங்கும். அப்புறம் பெருகறது பூரா அதோட வம்சந்தான். பழைய மருந்து அதுங்களுக்கு ஒறைக்காது. புதுசா வேற கிருமி மாதிரி ஆயிடும்."

புது மூக்கு எங்கே முளைத்தது என்று மாமா கேட்டாரே, அதற்குப் பதில் இதுதான். தேய்வது மட்டும் இல்லை. தாங்குவது தங்கும், தங்குவது பெருகும். அத்தனை வருடமாக நான் கத்திய பாடம் இது. எனக்கே அது புரியாமல்தான் கத்தியிருக்கிறேன். குரங்கு, குரங்கு என்று சொல்லி ஒரு மனிதனை அவமானப்படுத்த மட்டும்தான் எனக்கு அது பயன்பட்டது. அவர் உயிருக்கு அது தேவைப்பட்ட நாளில் என் வாயில் இருந்தது நக்கல்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பேசிப் பேசியே மனுசன இங்க கொண்டாந்து வுட்டுட்ட. இன்னும் இன்னா பாக்கி இருக்குது தம்பி?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறங்க்கா."

வழி விட்டாள். மாமா பாயில் சுவரோடு சாய்ந்திருந்தார். சாமி மாடத்தில் என் அரியலூர்ச் சிப்பி இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் கத்தியிருப்பேன்.

கிருமியைப் பற்றி ஆரம்பித்தேன். மருந்தைத் தாங்கின கிருமி, அதன் வம்சம். அவர் கையை உயர்த்தினார்.

"மறுபடியும் கொரங்கா? வுட்டுடு மாப்ள. நீதான் ஜெயிச்ச. போ."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்துவிட்டேன். வாசல் வரை போனேன். எனக்குத் தெரிந்த ஒரு விஞ்ஞானமும் இந்த வீட்டில் செல்லாது. என் வாயிலிருந்து வருவதாலேயே செல்லாது. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"மாமா, சூளையில சூடு ஏற வேண்டியது ஏறிட்டுது. உடனே எண்ணெய நிறுத்திடலாமா?"

எதற்குக் கேட்கிறேன் என்பது போல் பார்த்தார். "எவன் நிறுத்துவான்? அந்தச் சூட்ட மூணு மணி நேரம் பிடிச்சு வெக்கணும்."

"ஏன்? மேல பாத்தா வெந்துதான இருக்குது?"

"மேல வெந்திருக்கும். உள்ள பச்சையா இருக்கும். எறக்கின அப்புறம்தான் விரிசல் வுடும்." பத்து வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது.

"உங்களுக்கு ரெண்டு மாசத்துல சூடு ஏறிச்சு. மிச்சம் நாலு மாசம் பிடிச்சு வெக்கறதுக்கு. நான்தான் உங்கள நிறுத்த வெச்சன்."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "சட்டய எடு" என்றார்.

அன்றிரவே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை மருந்து எட்டு மாதம். முதல் இரண்டு மாதம் மாத்திரையோடு ஊசியும் உண்டு. பெட்டி என்னிடம் வரவில்லை. அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். அது சரிதான்.

தெம்பு வந்ததும் மாமா சூளைக்குத் திரும்பிவிட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும் என்பதால், போகும்போதெல்லாம் நர்ஸம்மா கேட்பார், காதில் இரைச்சல் உண்டா, தலை சுற்றுகிறதா என்று. மாமா இல்லை என்றே சொல்லியிருக்கிறார். காரணம் பிறகுதான் தெரிந்தது. எங்கள் சூளைக்கு எண்ணெயோடு காற்றை அடிக்கும் புளோயர் நாள் முழுக்க ஊளையிடும். சூளை ஆட்கள் அந்த இரைச்சலைக் காதிலேயே வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். சாப்பிடும்போதும் கேட்கும், படுக்கும்போதும் கேட்கும். அதனால் புதிதாக வந்த இரைச்சலை அவர் புளோயர் என்று நினைத்துக்கொண்டார். ஒரு நாள் கரண்ட் போய்ப் புளோயர் நின்றது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். மாமா மட்டும் அது ஓடுவதாகவே நினைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை.

ஊசியை நிறுத்தினார்கள். போன காது போனதுதான். இடது காதில் முழுக்கப் போயிற்று, வலது காதில் கத்தினால் கொஞ்சம் கேட்கும். நெஞ்சு தேறியது.

கடைசி மாத்திரை அன்றைக்கு அக்காவே என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். நான் போனபோது அவர் நீராகாரம் குடித்து முடித்திருந்தார். மாத்திரைகளை என்னிடம் நீட்டினாள் அக்கா. பிரித்துக் கொடுத்தேன். விழுங்கினார். பழக்கத்தில் நாக்கை நீட்டிக் காட்டினார்.

"முடிஞ்சுதா?" என்றார். காது போனவர்களின் பெரிய குரல்.

தலையாட்டினேன்.

"பழமலநாதர் காப்பாத்திட்டார், மாப்ள."

சொல்லிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். சண்டைக்கு ஆசையாகவே காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பதில் தெரியும். புது மூக்கு எப்படி முளைக்கும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல அவருடைய வலது காதின் பக்கம் போய்க் கத்த வேண்டும். அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

காலி மாத்திரை அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சூளைக்கு நேரமாகிறது என்று கையால் காட்டினேன்.