மஞ்சளாகாத குப்பி

கணவர் ராஜதாஸ் இறந்த மறுவருடம்தான் காரோடு ஊர்க்காரி ஜெயபாய்க்குத் திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ராஜதாஸ் பொழியூரில் படகு எஞ்சின் பழுது பார்த்தவர். மூளையில் கட்டி என்று தெரிந்த ஏழாவது மாதம் போய்விட்டார். கடைசி வாரங்களில் மனைவியின் பெயர்கூட அவர் நாவில் வரவில்லை. "நீ" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பாறசாலையில் ரயிலேறிப் போய்க் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவதுதான் முதலில் வேலை. நெய்யாற்றின்கரைக்காரி சானு அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஜெயபாயின் கைச் சுத்தத்தைப் பார்த்து, குப்பிகளில் வளரும் செல்களைப் பராமரிக்கக் கற்றுக்கொடுத்தாள். பழைய சத்துநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, உடற்சூட்டுக்குக் கொண்டுவந்த புதுநீரை ஊற்ற வேண்டும். அந்த நீர் இளஞ்சிவப்பு. செல்கள் தின்று கழிக்கக் கழிக்க மஞ்சளாகிவிடும்.

வளர்வது மூளைக்கட்டியின் செல்கள் என்று ஒரு மாதம் கழித்துத்தான் ஜெயபாய்க்குத் தெரிந்தது. அன்று மதியச் சோற்றைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இதற்கா நான் தீனி போடுகிறேன் என்று மகள் ஜினியிடம் சொல்லி அழுதாள். விட்டுவிடு அம்மா என்றாள் ஜினி.

மறுநாள் சானுவிடம் கணவரின் கதையைச் சொல்லி, வேலையை விடத்தான் போனாள். சானு அவளை உட்கார வைத்து விளக்கினாள். இந்தச் செல்கள் பெருகுவதற்குக் கால்சியம் உள்ளே போயாக வேண்டும். பிரஷருக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் ஒரு வகை அந்த வழியை அடைக்கும். பாதிக் குப்பிகளில் அந்த மருந்தைக் கலந்து, பெருக்கம் குறைகிறதா என்று பார்க்கிறார்கள்.

"வளர்த்தாத்தானே சேச்சி, தடுக்க முடியுமாண்ணு அறிய முடியும்?"

ஜெயபாய் எழுந்து போய்க் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

ஆடி மழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்ற நாளில் சானு காய்ச்சலில் கிடந்தாள். அன்று நீர் மாற்றாவிட்டால் அந்த வாரத்து உழைப்பெல்லாம் வீண். போனில் அவள் குரல் உடைந்திருந்தது.

"நீ கிட மக்கா, நான் போறேன்" என்றாள் ஜெயபாய்.

மூன்று பஸ் மாறி, நனைந்து, பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். கதகதப்புப் பெட்டியைத் திறந்தால் சாதாரணக் குப்பிகள் எல்லாம் மஞ்சள். மருந்து கலந்தவை இன்னும் இளஞ்சிவப்பு. தன்னிடம்தான் பிழையோ என்று பயந்து குப்பிகளில் ஒட்டிய சீட்டுகளை இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு சானுவைக் கூப்பிட்டாள்.

"மருந்து போட்டதுல நிறம் மாறல்ல மக்கா."

முதலில் போட்டோ எடுங்கள், பிறகு நீரை மாற்றுங்கள் என்றாள் சானு.

நிறம் மட்டும் சாட்சியாகாது. சானு மூன்று முறை திரும்பச் செய்து எண்ணிப் பார்த்தாள்; பெருக்கம் ஏறக்குறைய பாதியாகியிருந்தது. ஜெயபாயை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். ஒன்றில் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்துக் கிடந்தன. மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன.

"செத்துப்போச்சா?"

"இல்ல சேச்சி. பையத்தான் வளருது."

"எங்க வீட்டு அவியளுக்கு இது கிடைச்சிருந்தா?"

சானு அவசரப்படவில்லை. "குப்பி வேற, மனுஷன் வேற சேச்சி. எனக்கு அறியாது. இனி எலியில பாக்கணும். மனுஷன்கிட்ட வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்."

சமாதானத்துக்காக அவள் பொய் சொல்லாதது ஜெயபாய்க்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்று மீன் நறுக்கிக்கொண்டே ஜினியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அப்பாக்கு இது உதவியிருக்குமோ என்னமோ, தெரியல்ல மக்கா. ஆனா அது பைய வளருறத நான் என் கண்ணால கண்டேனாக்கும்."

வேலையை விடச் சொன்ன ஜினி, அடுத்த திங்களன்று லீவு போட்டுவிட்டு அம்மாவோடு ரயிலேறினாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தாள். சானு பக்கத்தில் நின்று எது எதுவென்று காட்டிக்கொண்டிருந்தாள். ஜெயபாய் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் சத்துநீரைச் சூடாக்கப் போனாள்.